கண்டக்டருக்கு வலிக்காது

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கண்டக்டர் என்றால் அவர்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கரியாலூர், வெள்ளிமலை என்று மேலே போகும் பஸ்ஸில் தலை நரைக்கும்வரை டிக்கெட் கிழித்தவர். வேலையை விட்டு வந்த பிறகும் பெயர் அவரை விடவில்லை. அவர் மனைவியே "எங்க வூட்டு கண்டக்டரு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். இப்போது இரண்டு பேரும் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். தெரு கொஞ்சம் பொய் குறைந்து, கொஞ்சம் களையும் குறைந்து கிடக்கிறது.

பொய் என்று நான் எழுதிவிட்டேன். வேறு யாராவது அவரைப் பொய்யர் என்று சொன்னால் சண்டைக்குப் போவேன். தன்னுடைய லாபத்துக்காக அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னவர் இல்லை. எதிரில் நிற்பவருடைய முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. நாம் என்ன கேட்க ஆசைப்படுகிறோம் என்பது நம் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். அதை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

பஸ்ஸில் ஈ நுழைய இடம் இருக்காது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு யாராவது "சீட்டு இருக்குதாண்ணா?" என்று கேட்டால் "ஏறும்மா, உள்ள காலியாத்தான் இருக்குது" என்பார். நம்பி ஏறியவர்கள் அடுத்தவர் கால்மேல் நின்றுகொண்டு மலை ஏறுவார்கள். ஆனாலும் ஒருவரும் அவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. இறங்கும்போது "வரேண்ணா" என்று சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. என் மாமியார் அன்று அந்த பஸ்ஸில் இருந்தார். "இதோ எடுத்துக்கினு இருக்காங்க, அஞ்சே நிமிஷம்" என்று கண்டக்டர் பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மரத்தை எடுக்க ஒரு ஆளும் வரவில்லை என்பது அவருக்கும் டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும். வளைகாப்புக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போன ஒரு குடும்பம் தூக்குச்சட்டியைத் திறக்க, பஸ் மொத்தமும் புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டிருக்கிறது. "நெசத்த சொல்லியிருந்தா அப்பவே எறங்கி நடந்திருப்போம், மழையில எங்கனா வழுக்கி வுழுந்து கால ஒடிச்சிக்கினு இருப்போம்" என்று மாமியார் இன்றைக்கும் அவர் பக்கம்தான் பேசுவார்.

பெண் கொடுக்கப் போகிறவர்கள் பையன் எப்படி என்று தெருவில் வந்து விசாரிப்பார்கள் இல்லையா, அப்படி வருகிறவர்களை யாரும் கண்டக்டர் வீட்டுப் பக்கம் விடமாட்டோம். அவர் வாயில் எல்லாப் பையனும் தங்கமான பையன். என் அப்பா வெளியூர்க்காரர், விவரம் தெரியாமல் நேராக அவரிடமே போய் விசாரித்துவிட்டார். "தங்கமான பையன், கண்ண மூடிக்கினு குடுங்க" என்றாராம். இருபது வருடமாகக் குடித்தனம் செய்கிறேன். தங்கம் என்று சொல்ல முடியாது. பித்தளை என்றும் சொல்லமாட்டேன்.

துருகம் ரோட்டுக்குத் திரும்பும் முனையில் எனக்கு ஒரு மெடிக்கல் கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தால் கண்டக்டர் வீட்டு வாசல் நேர் எதிரே தெரியும். அதனால்தான் அவருடைய முட்டியின் கதை முழுவதையும் நான் பார்க்கும்படி ஆயிற்று.

முட்டி கெட்டதற்கு மலைதான் காரணம் என்பார். வளைவுக்கு வளைவு இடது காலை ஊன்றிக்கொண்டு, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் சில்லறை கொடுத்த கால். வேலையை விட்டபோதே அந்தக் கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அவர் நடந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நாய்க்குட்டி ஓடிவிடும். படுத்தால் தூக்கம் கிடையாது. முட்டியின் உள்பக்கத்தில் யாரோ ஊசியை விட்டுத் திருகுகிற மாதிரி இருக்கும் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொன்னதில்லை. எங்களிடம் "வயசாச்சில்ல, காலு கொஞ்சம் கொஞ்சுது" என்பார்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டி முழுவதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கமும் முட்டிச்சில்லும் ஜவ்வும் நன்றாக இருக்கின்றன, கெட்டுப்போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றாராம். கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாதிதாம்மா மாத்துறாங்க. மீதி எல்லாம் நம்ம ஒரிஜினல்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனார்.

சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். முழு மூட்டு மாற்றியவர்களைவிடத் தழும்பு சின்னது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அப்புறம் குச்சி, அப்புறம் குச்சியும் இல்லை. வளைவு நிமிர்ந்து கால் நேராக இருந்தது. நாய்க்குட்டிக்கு வழி அடைபட்டுவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். ஊசி வைத்துத் திருகும் வலியும் போய்விட்டது. அது சத்தியமான உண்மை. அவர் மனைவியே சொன்னார், கல்யாணம் ஆன புதுசில் விட்ட குறட்டையை மறுபடி விடுகிறார் என்று.

ஆனால் புதிதாக ஒரு வலி வந்திருந்தது. படி இறங்கினால் வரும். உட்கார்ந்து எழுந்தால் நாலைந்து எட்டு வரைக்கும் கால் பூட்டிக்கொண்டு நிற்கும். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு இடம் மரத்துக் கிடந்தது. ஆபரேஷன் செய்த கால் அடங்க நாள் பிடிக்கும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை, டாக்டரிடம் சொன்னால் அதற்கு வேண்டிய பயிற்சியைச் சொல்லித் தருவார். கேட்டால் சொல்ல வேண்டும், அதுதான் விஷயம்.

மறுபடி காட்டப் போன அன்று என்ன நடந்தது என்பதை அவர் மனைவி என் கடைப் படியில் உட்கார்ந்து சொன்னார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

"டாக்டரு கேக்கறாரு, வலி எப்பிடி இருக்குது, ஜாஸ்தியா கம்மியான்னு. இந்த மனுஷன் 'இன்னா சார் இப்பிடி கேட்டுட்டீங்க, நீங்க தொட்ட காலு வலிக்குமா'ன்னுட்டாரு. படி எறங்க முடியுதான்னாரு. ஓடறேன் சார்ன்னாரு. வெளிய வந்து பாத்தா செவுத்த புடிச்சிக்கினு கண்ணுல தண்ணியோட நிக்கறாரு."

"ஏண்ணா இப்படிப் பண்றீங்க?" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அவர் வாசலில் நின்று சாவகாசமாகப் பதில் சொன்னார்.

"ஏம்மா, அவரு எவ்ளோ பாடுபட்டு பண்ணியிருக்காரு. மூஞ்சிக்கு நேரா வலிக்குதுன்னா மனசு வுட்டுட மாட்டாரா?"

டாக்டருக்கு ஆறுதல் சொல்லும் நோயாளியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் என்ன செய்வார் பாவம். இவ்வளவு நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு என்று, ஆபரேஷன் ஆனதும் சொல்லிக்கொடுத்திருந்த பயிற்சியை நிறுத்திவிட்டார். இவர் நடப்பதை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆபரேஷனுக்குப் பயப்படும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களிடமெல்லாம் "உங்க ஊர்லயே ஒரு கண்டக்டர் இருக்காரு, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நம் பக்கத்தில் அதுதானே பழக்கம். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பது போலவே ஆபரேஷன் எப்படி என்றும் விசாரிப்போம். டாக்டர் சொன்னால் நம்பமாட்டோம். செய்துகொண்டவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். நைனார்பாளையத்திலிருந்து வந்தார்கள், தியாகதுருகத்திலிருந்து வந்தார்கள், வேன் வைத்துக்கொண்டுகூட வந்தார்கள். கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டித் தழும்பைக் காட்டுவார். தெருக் குழாயிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் விறுவிறு என்று நடந்து காட்டுவார். திரும்பி வந்து அந்தக் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார்.

"வலி?" என்பார்கள்.

"வலியா? எந்தக் காலுல பண்ணாங்கன்னே மறந்து போவுது."

வந்தவர்கள் முகம் மலர்ந்து போவார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் இவர் நாற்காலியில் பொத்தென்று விழுவார். அண்ணி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். சாயங்காலம் கண்டக்டர் என் கடைக்கு வந்து முட்டியில் தடவும் மருந்து கேட்பார். "வூட்ல கேட்டாங்கம்மா, அவங்களுக்குத்தான் முட்டி வலி" என்பார். அண்ணியோ அந்த நேரம் எதிரே இடுப்பில் குடத்தோடு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒரு மலைக்கார அம்மா. கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். குமரியாக இருந்த காலத்திலிருந்தே அவருக்குக் கண்டக்டரை பஸ்ஸில் பழக்கம். அவருக்கும் கெட்டது முட்டியின் உள்பக்கம்தான், அதே டாக்டர்தான். கணவரோடு வந்து, மற்றவர்கள் மாதிரி வாயைப் பிளந்து பார்க்காமல் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் கடையை விட்டு இறங்கி அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஏத்தத்த பத்தி கேக்கலிங்க. ஏத்தம் எப்பிடியோ ஏறிடலாம். எங்க வூடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல இருக்குது. காடு அதுக்கும் கீழ. எறக்கம் எப்பிடி?"

சரியான கேள்வி. நான் கண்டக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"எறக்கமா? ஓடலாம்மா" என்றார்.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். போய் ஆபரேஷனும் செய்துகொண்டார்.

அதற்கப்புறம் மழை தொடங்கிய சமயத்தில் அவர் கணவர் மட்டும் என் கடைக்கு வந்தார். மாத்திரைச் சீட்டை நீட்டினார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எழுந்துக்கவே மாட்டேங்குதுங்க. கால நீட்டினது நீட்டினபடி கெடக்குது. மடக்கவும் வுட மாட்டேங்குது, மடக்குனா உள்ள ஒடஞ்சிடுமாம். டாக்டரு திரும்பப் படம் புடிச்சாரு. எல்லாம் சரியா ஒக்காந்திருக்குது, வலி கொஞ்ச நாளைக்கு இருக்கத்தான் செய்யும், மடக்கி நடங்கன்னு சொன்னாரு. இது நம்பல. 'கண்டக்டருக்கு வலியே இல்ல. எனக்கு வலிக்குது. அப்ப எனக்கு உள்ள இன்னாவோ கழண்டு போச்சு, எல்லாரும் சேந்து மறைக்கறீங்க'ன்னு ஒரே அழுவ."

"அப்படியே விட்டா?"

"மடக்காம வச்சிருந்தா கடசி வரைக்கும் மடங்காதாமே. அப்புறம் பள்ளத்துல எப்பிடிங்க குடியிருக்கறது? வூட்டையும் காட்டையும் வுட்டுட்டு ரோட்டுமேல எங்கனா வந்து ஒக்கார வேண்டியதுதான். அது அந்த மண்ண வுட்டு எங்கயும் போனதில்லைங்க."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பஸ்ஸுக்குப் போனதும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் நல்ல வார்த்தை வராது. கண்டக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்காத காலுண்ணா உங்களுது! அந்தக் காலை வச்சு ஒரு பொம்பளைய படுக்க வச்சிட்டீங்க" என்று ஆரம்பித்து, அந்தக் கணவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் அண்ணி சமையலறையிலிருந்து வந்து நின்றார். எனக்குத் தடை சொல்லவில்லை.

அவர் முகம் வாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தனை வருடம் யார் முகமும் வாடாமல் பார்த்துக்கொண்ட மனுஷனுக்கு, வாடினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கிழம உன் கடை மத்தியானந்தானே தொறப்ப? காலையில போயிட்டு வந்துடலாம். நீயும் வா" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அடிவாரத்து அணைக்கட்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது கால் தானாக ஊன்றியது, ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தார். போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பத்து நாளுல பறந்துடும்மான்னு சொல்றேன். நான் வந்து நின்னு சொன்னா தைரியம் வந்துடும் பாரு."

எனக்கு அப்படியே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று வந்தது. இந்த ஆளை மாற்ற முடியாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எத்தனையோ வருடம் விசில் கொடுத்து நிறுத்திய நிறுத்தம்தான் அது. ஆனால் அவர் அங்கே இறங்கியது அன்றைக்குத்தான். ரோட்டை ஒட்டிப் பள்ளம். செம்மண் பாதை, மழையில் மண் அரித்துக் கல் துருத்திக்கொண்டிருந்தது. கீழே மரவள்ளிக்கு நடுவில் வீடு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், இன்னொரு நாற்காலியின் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, எப்பிடி இருக்கற!" என்று கண்டக்டர் மேலேயிருந்து பஸ் குரலில் கூவினார். கையை வீசிக்கொண்டு பாதையில் காலை வைத்தார்.

டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடப்பது வேறு, பள்ளம் இறங்குவது வேறு. இரண்டாவது எட்டிலேயே நின்றுவிட்டார். என் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில் எனக்குத் தோள் கன்றிப்போனது. பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை இறக்கி, அது கல்லில் நின்றதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த காலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். பலாமரத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கீழேயிருந்து அந்த அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் கை கொடுக்க ஓடிவந்தார்.

"அவர வுடு" என்று அந்த அம்மா கணவரை நிறுத்தினார். பிறகு கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார். "வலிக்குதா?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். நல்ல வார்த்தை உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அந்த முகம் என்ன கேட்க ஆசைப்படுகிறது என்று வழக்கம் போல உற்றுப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, கிளையைப் பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"வலிக்குதும்மா" என்றார். "எறக்கத்துல உசுரு போவுது."

அந்த அம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"எங்க வலிக்குது?"

"உள்பக்கம். முட்டிக்குக் கொஞ்சம் கீழ. ஒக்காந்து எழுந்தா பூட்டு போட்ட மாதிரி நின்னுக்குது."

"தையலு பக்கத்துல?"

"தொட்டா தெரியறதில்ல. எவனோ ஒருத்தன் காலு மாதிரி இருக்குது."

"எனக்கும் அதேதான்" என்று சொன்னார் அந்த அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கண்டக்டர் மீதிப் பள்ளத்தை யார் கையையும் பிடிக்காமல் பக்கவாட்டிலேயே இறங்கி முடித்தார்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது அந்த அம்மாவுக்கு. வரத்தானே வேண்டும்.

"அப்ப ஓடலாம்னு ஏன் சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். பயந்துக்கினு இருந்த. அதான்."

"நெசத்த சொல்லியிருந்தாலும் பண்ணிக்கினுதான் இருப்பேன். ஆனா இப்பிடி ஒண்டியா கெடந்து செத்திருக்க மாட்டேன். ஊரு ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கினு, தெனமும் ஒரு சாவு."

"தப்புதாம்மா" என்றார் கண்டக்டர். தலையைக் குனிந்துகொண்டு, ஸ்கூலில் அடி வாங்குகிற பையன் மாதிரி கையைக் கட்டி நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. தடுக்கவும் மனம் வரவில்லை.

அந்தக் கணவர் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சை எடுத்துப் போட்டார். கண்டக்டர் உட்கார்ந்தார். காபித்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டே அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவை பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசித்து யோசித்துச் சொன்னார். மண்டிபோட முடியுமா? முடியாது. படி? ஏறலாம், இறங்கத்தான் கஷ்டம். ராத்திரி?

"ராத்திரி தூங்கறேன். அது சத்தியம்மா. முன்ன மாதிரி ஊசி குத்தறது இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

அந்த அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தார். "எனக்கும் ராத்திரி அந்த வலி இல்ல" என்றார் கணவரிடம். அதை அன்றைக்குத்தான் கவனித்தார் போலிருந்தது. புது வலிக்குப் பயந்து, பழைய வலி போனதையே பார்க்காமல் கிடந்திருக்கிறார்.

அப்புறம் கண்டக்டர் தன் காலைத் தொங்கப் போட்டு, குதிகாலைப் பெஞ்சுக்கு அடியில் உள்ளே இழுத்தார். ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. இத்தனை நாள் என் எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன் "ஆ... அம்மா!" என்று வாய்விட்டுக் கத்தினார். அந்த அம்மா திடுக்கிட்டார். பிறகு தன் காலை நாற்காலியிலிருந்து மெல்ல இறக்கினார். கணவர் தாங்கப் போனார், வேண்டாம் என்று கையை ஆட்டினார். குதிகாலைக் கொஞ்சம் உள்ளே இழுத்தார். அவரும் கத்தினார். மறுபடி இவர், மறுபடி அவர். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழவோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் கத்திக்கொண்டே சிரிப்பதைக் கண்டு திரும்பிப் போனார்கள்.

"அடுத்த தடவ டாக்டருகிட்ட ஒண்ணா போவலாம்" என்றார் கண்டக்டர். "நானும் உள்ளத சொல்றேன். எனக்கும் பயிற்சி குடுக்கட்டும்."

"டாக்டரு மனசு வுட்டுட மாட்டாரா?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"வுட்டா வுடட்டும்மா. அவரு சின்ன வயசு, தாங்குவாரு."

பஸ் வரும் நேரமாயிற்று. நாங்கள் எழுந்தபோது அந்த அம்மாவும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ரோடு வரைக்கும் வருகிறேன் என்றார். ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் குச்சி. கண்டக்டருக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் பலாமரம். நான்கு பேரும் அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிட்டது. மேலே வந்ததும் அந்த அம்மா கிலோமீட்டர் கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"இந்த வலி எப்பதாங்க போவும்?" என்று கேட்டார்.

பஸ் வளைவில் தெரிந்தது. பத்து நாளில் பறந்துவிடும் என்று காலையில் பஸ்ஸில் சொன்னவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவர் கையை அழுத்தவில்லை, முறைக்கவும் இல்லை. சும்மா நின்றேன்.

"தெரியலம்மா" என்றார் கண்டக்டர். "எனக்கு இன்னும் போவல."

அந்த அம்மா தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி. அப்ப நாளைக்கும் இங்க வரைக்கும் ஏறிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் செய்த காலை முதலில் வைத்து, பக்கவாட்டில் திரும்பிப் பள்ளம் இறங்கத் தொடங்கினார்.